விகலையளவும் பிசகாமல்...

ஷஃபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலை. மஃரிப் வேளை நெருங்க நெருங்கக் கடற்கரைகளிலும் வீட்டு மொட்டை மாடிகளிலும் நின்று மேற்கு அடிவானத்தைத் துழாவும் கண்கள்தாம் எத்தனை! அக்கண்களில் சிலவற்றின் முன்னே பைனாகுலர் எனும் இருகண் நோக்கியும் இருக்கக் காண்கிறோம். அதன் வழியே பிறை பார்ப்பது கூடுமா, கூடாதா எனும் வாதத்துள் இக்கட்டுரை நுழையப் போவதில்லை. அது உலமாப் பெருமக்களின் மன்றத்திற்குரியது. நாம் நுழையவிருப்பது அக்கருவியின் குழலுக்குள்.

இரண்டு குவிவில்லைகளை மட்டும் வைத்துத் தொலைநோக்கி செய்தால் காட்சி தலைகீழாகத் தெரியும். விண்மீன்களை ஆராய்வோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கப்பல் செலுத்துவோருக்கோ கரையும் கலங்கரை விளக்கமும் நேராகத் தெரிந்தாக வேண்டும். இதற்கு 1854ஆம் ஆண்டில் வழி கண்டவர் இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ. குழலுக்குள் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களை வைத்து, ஒளியை நான்கு முறை திருப்பி, கவிழ்ந்த உருவை நிமிர்த்தினார் அவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1894இல், ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள ஸெய்ஸ் தொழிலகம் எர்ன்ஸ்ட் அபேயின் முயற்சியால் இதைச் சிறந்த இருகண் நோக்கியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் ஒல்லியான, நேர்குழல் கொண்ட நோக்கிகளில் இருப்பது வேறு வகைப் பட்டகம். ஓட்டு வீட்டுக் கூரையைப் போல இரு முகங்கள் 90 பாகையில் சந்திக்கும் விளிம்பு அதற்கு உண்டு. வரும் ஒளி பாதி ஒரு சரிவிலும் பாதி மறு சரிவிலும் பட்டுப் பிரிந்து, மீண்டும் ஒன்றுசேர்ந்து கண்ணை அடைய வேண்டும். கூரையின் கோணம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் இரு பாதிகளும் ஒன்றுசேரா. ஒற்றைப் பொருள் இரட்டையாய்த் தெரியும். பிறையைத் தேடுகிறவருக்கு இரண்டு பிறைகளைக் காட்டும் கருவியால் என்ன பயன்? எனவே அந்த 90 பாகை, சில விகலைகளுக்கு மேல் பிசகாமல் இருந்தாக வேண்டும்.

விகலை என்றால் என்ன? ஒரு வட்டத்திற்கு 360 பாகைகள். ஒரு பாகைக்கு 60 கலைகள். ஒரு கலைக்கு 60 விகலைகள். மதரஸா மாணவர்கள் இவற்றைத் தரஜா, தகீகா, ஸானியா என்று அறிவார்கள். தகீகா என்றால் நுண்ணியது. ஸானியா என்றால் இரண்டாவது, அதாவது இரண்டாம் முறை அறுபதாகப் பகுத்தது. ஆங்கிலத்தில் செகண்டு என்பதும் இதே பொருளில் வந்த சொல்தான். முழு வட்டத்தில் 12,96,000 விகலைகள் அடங்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் பிடித்திருக்கும் தஸ்பீஹில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு மணி ஒன்று நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்குமோ, ஏறக்குறைய அதுவே ஒரு விகலை.

சொல்லாராய்ச்சி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பட்டகத்தை இன்றைய அரபியில் ‘மன்ஷூர்’ என்கின்றனர். அறுக்கப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். யூக்ளிட் ஆண்ட கிரேக்கச் சொல்லாகிய ‘பிரிஸ்மா’வுக்கும் அறுக்கப்பட்டது என்றே பொருள். மரக்கட்டையை அறுப்பதுபோல் கண்ணாடியை அறுத்து, தேய்த்து, மெருகேற்றிச் செய்வதே பட்டகம். அறுத்தவர் சரியாக அறுத்தாரா என்று பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பள்ளிப்பிள்ளைகளின் கோணமானியை அதன் மூலையில் வைத்துப் பார்த்தால் அரைப் பாகை வரை சொல்லலாம். அரைப் பாகை என்பது 1,800 விகலை! மேலும், மெருகேற்றிய முகத்தை உலோகத்தால் தொட்டால் கீறல் விழும். ஆகவே தொடாமல் அளக்க வேண்டும். ஒளியைச் செலுத்தி ஒளியைக் கொண்டே அளக்க வேண்டும்.

ரய் நகரத்துச் சுவர்

ஒளியின் வழியை வட்டத்தில் பாகை குறித்து அளக்கும் பழக்கம் பழமையானது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அல்-ஹஸன் இப்னுல் ஹைஸம், தமது ‘கிதாபுல் மனாளிர்’ எனும் ஏழு பாக நூலின் இறுதிப் பாகத்தில், ஒளி நீரிலும் கண்ணாடியிலும் எவ்வளவு விலகுகிறது என்று காண ஒரு செம்புக் கருவியைச் செய்யும் முறையை விவரிக்கிறார். அதன் வட்டத்தை 360 பாகங்களாகவும், இயலுமாயின் கலைகளாகவும் பகுக்கச் சொல்கிறார். அவருக்கு முன்பே, 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் ஒளிவிலகலின் விகிதத்தைச் சரியாக வரைந்து காட்டியிருந்தார் என்பதை ருஷ்தி ராஷித் எனும் ஆய்வாளர் 1990இல் பழஞ்சுவடிகளிலிருந்து வெளிப்படுத்தினார்.

ஆனால் கோணத்தை அளப்போர் மறக்கக்கூடாத நிகழ்ச்சி வேறொன்று. இன்றைய டெஹ்ரானுக்கு அருகிலிருந்த ரய் நகரில் 994ஆம் ஆண்டில் அல்-குஜந்தி என்ற வானியலறிஞர் சூரியனின் உயரத்தை அளக்க மாபெரும் கருவி ஒன்றைக் கட்டினார். கருவி என்பதைவிடக் கட்டடம் என்பதே பொருந்தும். அதன் வில்லின் ஆரம் சுமார் 20 மீட்டர். கருவி பெரிதானால் ஒரு பாகைக்குரிய இடமும் பெரிதாகுமல்லவா? அங்கே ஒரு பாகை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அதில் விகலைக் கணக்கிலேயே குறிக்க முடிந்தது. பூமியின் அச்சுச் சாய்வோடு தொடர்புடைய கோணத்தை அவர் 23 பாகை 32 கலை 19 விகலை என்று கண்டார்.

உண்மையில் அக்காலத்து அளவு 23 பாகை 34 கலையை ஒட்டியது. விகலை வரை சொன்ன அளவு இரண்டு கலைகள் பிசகியிருந்தது! காரணம் என்ன? சூரிய ஒளி நுழையும் துளையைத் தாங்கிய பகுதி கனம் தாங்காமல் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிட்டது. அல்-குஜந்தியே இதைத் தம்மிடம் கூறியதாக அல்-பிரூனி எழுதி வைத்திருக்கிறார். தம் பெயரை நிலைநாட்டிய கருவியின் குறையைத் தம் வாயாலேயே சொல்ல ஒரு மனம் வேண்டும். அளவையில் குறைப்போரைக் கண்டித்துத் தொடங்கும் ‘அல்-முதஃப்ஃபிஃபீன்’ அத்தியாயத்தை ஓதி வளர்ந்தவர் அவர். நுட்பமாகப் படிக்க முடிவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதை ரய் நகரத்துச் சுவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. திரையில் ஐந்தாறு தசம இலக்கங்களைக் காட்டும் கணினியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

இரண்டு சாட்சிகள்

மியூனிக் நகரில் 1801ஆம் ஆண்டு ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டான் ஓர் அநாதைச் சிறுவன். கண்ணாடித் தொழிலாளியிடம் பயிற்சி பெற்றுவந்த அவன் பெயர் ஜோசஃப் ஃபிரான்ஹோஃபர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பெனடிக்ட்பாயர்ன் எனும் ஊரில் கண்ணாடி உலையும் பட்டறையும் நடத்திய அவர், நில அளவையாளரின் தியோடலைட் கருவியின் முன்னே ஒரு முப்பட்டகத்தை வைத்துச் சூரிய ஒளியைப் பார்த்தார். வண்ணப் பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள்! அவற்றுள் 574ஐ அவர் வரிசைப்படுத்தினார்.

அவர் தேடியது கோடுகளை அல்ல. தம் உலையில் உருகிய கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதையே தேடினார். அந்த ஒளிவிலகல் எண் தெரியாமல் நல்ல வில்லை செய்ய இயலாது. அதைக் கணக்கிட இரண்டு கோணங்கள் தேவை: ஒளி திரும்பும் கோணம் ஒன்று, பட்டக மூலையின் கோணம் மற்றொன்று. சாதாரணக் கண்ணாடியாலான 60 பாகை முப்பட்டகத்தில், மூலைக் கோணத்தை ஒரு கலை தவறாக அளந்தால் ஒளிவிலகல் எண்ணின் நான்காம் தசம இலக்கத்தில் இரண்டு மாறிவிடும். வில்லை வடிவமைப்போர் ஐந்தாம், ஆறாம் இலக்கம்வரை கேட்கிறார்கள். மூலையை அளக்காமல் கண்ணாடியை அறிய வழியில்லை.

ஃபிரான்ஹோஃபரின் அமைப்பிலிருந்து வளர்ந்ததே நம் பிள்ளைகள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கையாளும் நிறமாலைமானி. ஒளிக்கீற்று ஒன்று முப்பட்டகத்தின் விளிம்பை நோக்கி வருகிறது; இரு முகங்களிலும் பட்டு இருபுறமும் தெறிக்கிறது. தொலைநோக்கியை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பி இரு தெறிப்புகளையும் பார்த்து, இடைப்பட்ட கோணத்தை இரண்டால் வகுத்தால் மூலைக் கோணம் கிடைக்கும். வெர்னியர் அளவுகோலால் ஒரு கலைவரை படிக்கலாம்.

அக்கருவியில் ஒரு வெர்னியர் போதாதென்று நேர் எதிரே இன்னொன்றும் வைத்திருப்பார்கள். அளவுவட்டத்தின் மையமும் தொலைநோக்கி சுழலும் அச்சும் மயிரிழைகூட விலகாமல் பொருந்துவது அரிது. விலகியிருந்தால் ஒரு பக்க வெர்னியர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறதோ, எதிர்ப்பக்க வெர்னியர் அவ்வளவு குறைத்துச் சொல்லும். இரண்டின் சராசரியில் பொய் கழிந்துவிடும். ஒரு சாட்சியை நம்பாமல் இரு சாட்சிகளைக் கேட்கும் முறை இது என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஃபிக்ஹு படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

கணினியின் கண்

இனி இன்றைய கருவிக்கு வருவோம். தட்டு ஒன்று, அது உருளைக் குண்டுகளின்மீது அல்ல, அழுத்தப்பட்ட காற்றின் மெல்லிய படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது. தட்டின் அடியில் கண்ணாடி வட்டு. அதன் விளிம்பில் நுண்ணிய கோடுகள். சிறந்த வட்டுகளில் 36,000 கோடுகள். அப்படியாயின் கோட்டுக்குக் கோடு 36 விகலை. கோடுகள் கடந்து செல்லும்போது ஒளி கூடிக் குறைவதை மின்னணு அமைப்பு உணர்ந்து, ஒவ்வோர் இடைவெளியையும் மேலும் பல்லாயிரம் கூறுகளாகப் பகுத்துக் கணினிக்கு அனுப்புகிறது. என்கோடர் என்பது இதன் பெயர். இங்கும் வட்டைச் சுற்றிப் பல இடங்களில் படிப்பான்களை வைக்கிறார்கள். சாட்சிகள் பெருகினார்களேயன்றிப் பழைய நீதி மாறவில்லை!

தட்டின்மேல் பட்டகம். அதன் எதிரே அசையாத பீடத்தில் ஆட்டோகாலிமேட்டர் எனும் குழல். இக்குழல் தன் உள்ளிருக்கும் ஒரு சிலுவைக்கோட்டின் ஒளியை இணைகதிராக அனுப்பும். பட்டகத்தின் முகம் நேர் எதிரே நின்றால் அவ்வொளி வந்த வழியே திரும்பி, உள்ளேயிருக்கும் ஒளியுணரியின் நடுவில் விழும். மெருகிட்ட கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் திருப்புகிறது, அது போதும். முகம் சற்றே சாய்ந்திருந்தால் ஒளி விலகி விழும்.

எவ்வளவு விலகும்? 300 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட குழலில், முகம் ஒரு விகலை சாய்ந்தால் ஒளிக்கோடு 3 மைக்ரான் அளவே நகரும். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அது. ஒளியுணரியின் ஒற்றைப் படப்புள்ளியே இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். ஆயினும் கணினி இதில் தோற்பதில்லை. ஒளிக்கோடு ஒரு புள்ளியில் மட்டும் விழாமல் பல புள்ளிகளில் பரவி விழுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் என்று நிறுத்துப் பார்த்து, தராசுக் கோலின் நடுவைக் காண்பதுபோல் அப்பரவலின் நடுவைக் கணினி கண்டுபிடிக்கிறது. இதனால் புள்ளியின் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் தெரிந்துவிடுகிறது. ஒளி பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழும் நகர்வதையும் அது குறித்துக்கொள்ளும். பட்டகத்தின் முகங்கள் செங்குத்தாக நிற்காமல் கூம்பிப் போயிருந்தால் இந்த மேல்கீழ் அசைவு காட்டிக் கொடுத்துவிடும்.

தட்டு சுழல்கிறது. முதல் முகம் நேர்ப்பட்டபோது ஒரு படிப்பு. இரண்டாம் முகம் நேர்ப்பட்டபோது ஒரு படிப்பு. இடைப்பட்ட சுழற்சியை 180இலிருந்து கழித்தால் மூலைக் கோணம் வந்துவிட்டது, தசமங்களோடு. ரய் நகரத்துச் சுவர் இங்கேதான் நம் முன் எழுந்து நிற்கிறது. அந்த 36,000 கோடுகளும் சம இடைவெளியில் உள்ளன என்று யார் சொன்னது?

இக்கேள்விக்கு அளவியலார் கண்ட விடை, எனக்குத் தெரிந்தவரை அவர்களுடைய கலையிலேயே அழகானது. 60 பாகை மூலையை அளக்கத் தட்டு 120 பாகை சுழல்கிறது. வட்டில் மூன்றில் ஒரு பங்கு. அளந்தபின், வட்டை அப்படியே விட்டுப் பட்டகத்தை மட்டும் 120 பாகை திருப்பி வைத்து, அதே மூலையை வட்டின் இரண்டாம் பங்கால் அளக்கிறார்கள். மறுபடியும் திருப்பி மூன்றாம் பங்கால் அளக்கிறார்கள். மூன்று பங்குகளும் சேர்ந்தால் முழு வட்டம். முழு வட்டம் 360 பாகைதான். அதில் விகலையும் கூடாது, குறையாது. ஒரு பங்கில் கோடுகள் நெருங்கிக் கிடந்து அளவைக் கூட்டிச் சொன்னால், மற்றப் பங்குகள் அவ்வளவும் குறைத்துச் சொல்லியே தீர வேண்டும். மூன்று அளவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வட்டின் பிழைகள் ஒன்றையொன்று அழித்துவிட, மூலையின் உண்மைக் கோணம் எஞ்சுகிறது!

மற்ற அளவைகளுக்கு இந்தப் பேறு இல்லை. நீளத்திற்கு 1960 வரையிலும், எடைக்கு 2019 வரையிலும், பாரிஸுக்கு அருகில் பேழைக்குள் வைத்துக் காத்த உலோகத் துண்டுகளே உலகின் இறுதித் தீர்ப்பாக இருந்தன. கோணத்திற்கு அத்தகைய பேழை என்றுமே தேவைப்பட்டதில்லை. அறிவியல் கல்லூரியில் படித்திராத என் போன்றோரும் வியந்து நிற்கும் இடம் இது.

வழி எளிதுதான், உழைப்போ கடினம். கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் பன்னிரண்டு முகக் கண்ணாடியை இவ்வாறு அளக்க வேண்டுமானால், பன்னிரண்டு முகங்கள், பன்னிரண்டு நிலைகள், ஆக 144 படிப்புகள். மனிதர் குழலில் கண் வைத்துப் படித்த காலத்தில் கண் களைத்தது; கை நடுங்கியது. அதைவிட, அருகில் நின்ற உடலே கெடுதல் செய்தது. ஒரு மனிதர் சும்மா நின்றாலும் 100 வாட் விளக்கின் அளவு வெப்பத்தை வீசுகிறார். பட்டகம் முழுதும் சமமாகச் சூடேறினால் கோணம் மாறாது. எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்தில் விரியும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கோணம் கெடும். ஆகவே 20 பாகை செல்சியஸில் நிறுத்தப்பட்ட அறையைப் பூட்டிவிட்டு மனிதர் வெளியேறுகிறார். இரவு முழுதும் கணினி தட்டைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்கிறது. கணினி கொண்டுவந்த பெரும் இலாபம் கூரிய பார்வை அன்று, சலியாத ஸப்ரு என்பதே என் கருத்து. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துத் தேசிய அளவியல் நிலையத்தில் இம்முறைகளால் விகலையின் ஆயிரத்தில் சில பங்குவரை எட்டியிருக்கிறார்கள்.

இருந்தும் கணினிக்குத் தெரியாத சில உண்டு. செங்கோணப் பட்டகத்தின் அகன்ற முகத்தின் வழியே ஒளியைச் செலுத்தினால் அது உள்ளே இரு முகங்களில் மோதித் திரும்பிவரும். 90 பாகையில் பிழை இருந்தால் ஓர் உரு இரண்டாகப் பிரிந்து தெரியும். பிழையைப் போல் ஆறு மடங்கு இடைவெளி. பட்டகம் தன் குற்றத்தைத் தானே பெருக்கிக் காட்டுகிறது. ஆனால் கோணம் 90க்குக் கூடுதலா, குறைவா? அந்த இடைவெளி அதைச் சொல்லாது. இரு நிலையிலும் உருக்கள் ஒன்றுபோலவே நிற்கும். பட்டறைக்காரர் குழலின் குவியத்தைச் சற்றே நகர்த்தி, உருக்கள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இது தெரியாமல் தேய்த்தால் பிழை இரட்டிப்பாகும்.

சந்திரனில் கிடக்கும் மூலைகள்

நெடுஞ்சாலைகளில் நில அளவையாளர் ஒருவர் கோலின் உச்சியில் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் சந்திப்பதுபோல் மூன்று முகங்கள் செங்குத்தாய்ச் சந்திக்கும் பட்டகம் அது. எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.

இத்தகைய பட்டகங்கள் நூறு கொண்ட தட்டு ஒன்றை 1969 ஜூலையில் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்து வந்தார்கள். 1971இல் அப்போலோ 14 நூறும், அப்போலோ 15 முந்நூறும் வைத்தன. ஒவ்வொன்றும் 3.8 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. பூமியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரம் அளக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகுகிறது என்பது இவ்வாறு உறுதியானது. விட்டமும் விலகலும் ஒரே எண்ணாக வாய்த்தது தற்செயலே.

அப்பட்டகத்தின் மூன்று மூலைக் கோணங்களும் ஒரே ஒரு விகலை பிசகியிருந்தால் என்னவாகும்? கணக்கிட்டால், திரும்பும் கதிர் ஏறத்தாழ ஐந்து விகலை திசைமாறும். 3,84,400 கிலோமீட்டரைக் கடந்து பூமிக்கு வரும்போது அது சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி விழும். தொலைநோக்கியோடு காத்திருப்பவருக்கு இருள்தான் மிஞ்சும். அங்கே போய்த் தேய்த்துச் சரிசெய்ய இயலுமா? புறப்படும் முன்பே அளந்து உறுதி செய்ய வேண்டும்.

2023 ஆகஸ்டில் இறங்கிய நம் நாட்டுச் சந்திரயான்-3இன் விக்ரம் கலத்திலும் அமெரிக்காவின் நாஸா கொடுத்தனுப்பிய சிறு கவிகை ஒன்று உண்டு. 5 சென்டிமீட்டர் அகலம். அதில் எட்டு குவார்ட்ஸ் மூலைப் பட்டகங்கள். செப்டம்பரில் சந்திரனின் இரவு கவிந்தபோது விக்ரம் உறங்கியது. விடிந்தபின் எழுப்ப முயன்றும் விழிக்கவில்லை. பட்டகங்களுக்கு மின்சாரம் தேவையில்லை. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள், சந்திரனைச் சுற்றிவரும் அமெரிக்கக் கலம் ஒன்று 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து விக்ரமை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தியது. அக்கண்ணாடி மூலைகளில் மோதிய ஒளி, வந்த வழியே திரும்பி அக்கலத்தை அடைந்தது.